தென் கரோலினாவும் தென்னார்க்காடும்: ஒரு போர், ஒரு சட்டம், இரண்டு அடிமைமுறைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பாடமாகப் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே அடிமைமுறையை ஒழிக்க நான்கு வருடம் போர் நடந்தது, ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். இங்கே அடிமைமுறை எப்போது ஒழிந்தது? யாரோடு யார் சண்டை போட்டார்கள்?"

புத்தகத்தில் இருக்கும் பதில் ஒரே வரிதான்: 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. படியாளாக இருந்த நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் அப்படி ஒரு சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு இடங்களிலும் பகுதிக்குப் பகுதி பொருளாதாரம் வேறாக இருந்தது. இரண்டு இடங்களிலும் மனசாட்சி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இருந்தார்கள். பிறகு ஏன் அங்கே நாடே இரண்டாகப் பிளந்தது, இங்கே ஒரு தாளில் காரியம் முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இன்று நம் கையில் ஏன் நிலம் இல்லை என்பதும் பாதி புரிந்துவிடும்.

பருத்தி விளைந்த இடம், விளையாத இடம்

1860-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். அடிமை மாநிலம் என்று அதே பெயர் பெற்ற டெலவேரில் 2,000 பேர்கூட இல்லை. காரணம் நிலமும் பயிரும்தான். பருத்தி, நெல், கரும்பு விளைந்த பெருந்தோட்டங்களில் வருடம் முழுக்க வேலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் ஓடிப் போகக் கூடாது. வடக்கே சிறு விவசாயம், தொழிற்சாலை, கூலி வேலை. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இந்தப் பிளவு இருந்தது. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதியில் பெருந்தோட்டம் குறைவு. தெற்கு பிரிந்து போனபோது அந்த மலைப்பகுதி தன் மாநிலத்திலிருந்தே பிரிந்து, 1863-இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலம் ஆனது.

வடக்கு புனிதமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடிமைகள் பறித்த பருத்தியில்தான் மாசசூசெட்ஸ் ஆலைகள் ஓடின. நியூயார்க் வங்கிகள் தெற்கின் முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தன. வடக்கிலும் கறுப்பர்களுக்குப் பல இடங்களில் ஓட்டு இல்லை. ஆனால் புதிதாகப் பிடித்த மேற்கு நிலங்களில் அடிமைமுறை நுழையலாமா கூடாதா என்ற கேள்வி வந்ததும் இரண்டு பொருளாதாரங்களும் நேருக்கு நேர் மோதின. 1820-இல் ஒரு சமரசம் செய்தார்கள். 1854-இல் அதை உடைத்தார்கள். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1860-இல் லிங்கன் ஜெயித்ததும் முதலில் பிரிந்து போனது தென் கரோலினா.

தேவாலயங்களும் உடைந்தன. மெதடிஸ்ட் சபை 1844-இல், பாப்டிஸ்ட் சபை 1845-இல், அடிமை வைத்திருப்பது பாவமா இல்லையா என்ற வாக்குவாதத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டாயின. இரண்டு பக்கமும் கையில் வைத்திருந்தது ஒரே பைபிள்.

நஞ்சையும் புன்செய்யும்

இப்போது நம் பக்கம் வருவோம். 1818, 1819 ஆண்டுகளில் சென்னை மாகாண ரெவின்யூ போர்டு, விவசாய அடிமைகளைப் பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டது. வந்த பதில்களைப் பார்த்தால் இங்கேயும் ஒரு வரைபடம் தெரிகிறது. தெலுங்கு மாவட்டங்களில் உழைப்பவர்கள் பெரும்பாலும் யாருக்கும் உடைமை இல்லை என்றும், தமிழ் மாவட்டங்களிலும் மலபாரிலும் கன்னடக் கடற்கரையிலும் உழைப்பவர்களில் பெரும்பகுதி கட்டுண்டவர்கள் என்றும் போர்டே எழுதியது. மலபாரில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. தென்னார்க்காட்டுக் கலெக்டர் 17,000 பேருக்கு மேல் என்று சொன்னார். திருச்சியில் இருந்து வந்த கணக்குதான் கண்ணைத் திறப்பது: காவிரி பாயும் நஞ்சைப் பகுதியில் சுமார் 10,000 பள்ளர்கள் அடிமைகள், மானாவாரிப் பகுதியில் வெறும் 600.

ஆண்டைகள் சொன்னதை வைத்து அதிகாரிகள் போட்ட உத்தேசக் கணக்குகள் இவை. உண்மையில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆனால் கோடு எங்கே ஓடுகிறது என்பது தெளிவு. நாற்று நடவும் அறுப்பும் ஒரே நேரத்தில் வரும், அன்றைக்கு ஆள் இல்லையென்றால் விளைச்சல் போயிற்று. நிலம் வைத்திருந்த பிராமணரோ வேளாளரோ சேற்றில் இறங்க மாட்டார். ஏர் பிடிப்பது தீட்டு. ஆகவே சேற்றில் இறங்குபவனை ஊரோடு கட்டிப் போட வேண்டும். தண்ணீர் எங்கே பாய்ந்ததோ அங்கேதான் அடிமைமுறையும் அடர்த்தி. மேட்டு நிலத்தில் சொந்தக் குடும்பமே ஏர் ஓட்டியது. அங்கே ஆளைக் கட்டியது பெரும்பாலும் வருடக் கடன். நம் மாவட்டத்திலேயே கிழக்கே வீராணம் பாசனம், மேற்கே விருத்தாசலத்தின் மானாவாரி நிலம். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் சேரியின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பெயர்களும் இருந்தன. பண்ணையாள், படியாள், அடிமையாள். படியாள் என்றால் படியளந்து கொடுக்கும் நெல்லுக்கு வேலை செய்பவர். பெரும்பாலும் பறையர், பள்ளர் மக்கள். மலபாரில் புலையர், செறுமர். ஆண்டை கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பார். அந்தக் கடனுக்குப் பிறக்கப் போகும் பிள்ளையும் ஈடு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது, நம்மிடம் அடிமைமுறையே கிடையாது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வெள்ளைக்காரனின் கோப்பு தேவையில்லை. ஆட்களைக் கோயிலுக்கு விற்றதும் கொடுத்ததும் சோழர் காலக் கல்வெட்டிலேயே இருக்கிறது. பெரியபுராணத்தில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருவெண்ணெய்நல்லூர் சபையில், கிழவர் வேடத்தில் வந்த சிவன் சுந்தரருக்கு எதிராக நீட்டியது என்ன? ஆளோலை. பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனையும் கட்டும் என்று வழக்காடுகிறார், சபை ஓலையைச் சரிபார்க்கிறது. பிராமணர் ஒருவர் இன்னொரு பிராமணருக்கு அடிமையாக முடியுமா என்பதுதான் அங்கே எழுந்த ஆச்சரியம். அடிமை ஓலை என்ற ஒன்று இருப்பதில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை.

மனசாட்சி எந்தப் பக்கம்?

இங்கேயும் மனசாட்சி உள்ள அதிகாரிகள் இருந்தார்கள். மலபாரில் அஞ்சரக்கண்டி தோட்டத்தை நடத்திய மர்டோக் பிரவுன் என்ற ஐரோப்பியர், திருவிதாங்கூரில் இருந்து கடத்தி வரப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்திருந்தார். அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்த பேபர் 1811-12-இல் தலையிட்டுப் பலரை மீட்டார். ஆனால் அதே கம்பெனி ஆட்சி, வரி பாக்கிக்காக மலபாரில் ஆட்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. அது நிறுத்தப்பட்டதே 1819-இல்தான். ஒரே அரசு ஒரு கையால் மீட்டு, இன்னொரு கையால் விற்றது.

இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பு இயக்கம் பெரிதாக இருந்தது. 1833-இல் பாராளுமன்றம் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்தது. அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது. கரும்புத் தோட்டத்து அடிமை கண்ணுக்குத் தெரிந்தார். நெல் வயலில் இருந்தவர் தெரியவில்லை.

இதைவிட வேடிக்கை அடுத்து வந்தது. அமெரிக்க அடிமைப் பருத்தியை வாங்காமல், சுதந்திர உழைப்பில் விளையும் இந்தியப் பருத்தியை வாங்கினால் அமெரிக்க அடிமைமுறை தானாகச் சரியும் என்று 1830-களின் கடைசியில் பிரிட்டிஷ் ஒழிப்பாளர்களில் ஒரு பகுதியினர் பிரசாரம் செய்தார்கள். இந்தியாவில் இருப்பது சுதந்திர உழைப்பு என்று நம்பினார்கள். வில்லியம் ஆடம் என்பவர் 1840-இல், ஒழிப்பு இயக்கத் தலைவர் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்களாகவே ஒரு புத்தகம் வெளியிட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமைமுறையைச் சட்டத்தோடும் கணக்கோடும் எடுத்து வைத்தார்.

இங்கே கிறிஸ்தவ சபைகளும் பிளந்தன. ஆனால் பிளந்த இடம் வேறு. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள், பலர் வெளியேறினார்கள். பின்னாளில் லெய்ப்சிக் லூத்தரன் மிஷன் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டது. அமெரிக்காவில் சண்டை, அடிமையை வைத்திருக்கலாமா என்று. இங்கே சண்டை, அடிமையோடு ஒரே கிண்ணத்தில் நற்கருணை குடிக்கலாமா என்று. அடிமைமுறையைத் தாங்கிப் பிடித்தது சாதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஏன் இங்கே இரண்டு பக்கம் உருவாகவில்லை?

அமெரிக்காவில் பொருளாதாரக் கோடும் ஆட்சிக் கோடும் ஏறத்தாழ ஒன்றாக ஓடின. வடக்குக்குத் தன் சட்டசபை, தன் பத்திரிகை, தன் ராணுவம் இருந்தது. அடிமைமுறை இல்லாமலே பிழைக்கும் ஒரு பொருளாதாரம் அதிகாரத்தில் இருந்தது. அடிமை மக்கள் அந்த இடைவெளியைப் பயன்படுத்தினார்கள். பிரடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் இருந்து தப்பி வடக்கே போனார், பத்திரிகை நடத்தினார். ஹாரியட் டப்மன் தப்பிப் போனதோடு நிற்காமல் திரும்பி வந்து மற்றவர்களையும் அழைத்துப் போனார். போர் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் தோட்டத்தை விட்டு வடக்குப் படையின் முகாமுக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். லிங்கன் விடுதலை கொடுத்தார் என்பது பாதிக் கதை. அவர்கள் போய் எடுத்துக்கொண்டார்கள் என்பது மீதிக் கதை.

இங்கே நஞ்சை, புன்செய் என்று கோடு இருந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே கலெக்டர். அந்தக் கலெக்டரின் கஜானாவும் மிராசுதாரின் களஞ்சியமும் ஒரே வயலில் இருந்து நிறைந்தன. அடிமையை விட்டுவிட்டால் நஞ்சை வரி குறையும் என்ற பயம் கலெக்டர்களின் பதில்களில் இருந்தது. ஒரேயடியாக ஒழிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கே போர்டும் வந்தது. புன்செய் விவசாயிக்கும் நஞ்சை அடிமையின் விடுதலையில் லாபம் எதுவும் இல்லை. சாதியில் அவரும் மேலே. அடிமைமுறை இல்லாமல் பிழைக்கும் பகுதி நம்மிடம் இருந்தது. அதற்கு எதிராக நிற்கும் பகுதி இல்லை. ஓடிப் போனால் ஏற்றுக்கொள்ளும் "வடக்கு" நமக்கு இல்லை.

நமக்கு இருந்தது கடல். மொரீஷியசுக்கு 1834 முதல், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு, மலாயாவுக்கு, 1860-இல் நேட்டாலுக்கு. இதை விடுதலை என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தக் கூலியும் சவுக்கும் அங்கே காத்திருந்தன. ஆனால் ஆள் போய்விடுகிறான் என்று மிராசுதார்கள் அலறினார்கள் என்றால், அந்தக் கப்பல் எதையோ அறுத்தது என்றுதான் அர்த்தம். கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் போனவர்கள்தான் பிறகு, 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய தமிழன் இதழின் வாசகர்களாகவும் ஆதரவாளர்களாகவும் நின்றார்கள். ஊரை விட்டு வெளியே கால் வைத்தவர்களிடம்தான் அரசியல் முதலில் வேர் பிடித்தது.

1843: சட்டம் சொன்னதும் சொல்லாததும்

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொன்னது நான்கே விஷயம். அரசு அதிகாரி வரி பாக்கிக்கோ தீர்ப்பை நிறைவேற்றவோ ஆளை விற்கக் கூடாது. அடிமை என் உடைமை என்று கோர்ட்டுக்கு யாரும் வர முடியாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.

நல்ல சட்டம்தான். ஆனால் "நீ சுதந்திரமானவன்" என்று அதில் ஒரு வரிகூட இல்லை. யாரும் சேரிக்கு வந்து படித்துக் காட்டவில்லை. அடிமைக்கும் ஆண்டைக்கும் இடையே இருந்து அரசு விலகிக்கொண்டது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பது தனிக் குற்றம் ஆனது, 1862 ஜனவரி 1-இல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1863 ஜனவரி 1-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம்.

நம் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று பழமொழியும் இருக்கிறது. சுந்தரருக்குப் பொன் கிடைத்தது. சட்டப் புத்தகத்தில் போட்ட விடுதலையை வயலில் தேடிய நம் முன்னோர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது: குடியிருந்த மனை மிராசுதாருடையது, குடிசையைப் பிரித்துப் போட்டால் போக்கிடம் இல்லை. கடன் அவரிடம். படிநெல் அவர் அளப்பது. 1859-இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்றது. போர் முடிந்ததும் அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள் கொண்டு வந்த "கறுப்புச் சட்டங்களும்" அதே வேலையைத்தான் செய்தன. ஆளை உடைமையாக வைக்க முடியாவிட்டால், கடனாளியாக வை.

நிலம் கொடுக்காத விடுதலை

1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரை நிலத்தை, விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டிலேயே, லிங்கன் கொல்லப்பட்டபின் பதவிக்கு வந்த ஜான்சன், அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆறு லட்சம் பேர் செத்த போர், நிலத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டது.

இங்கே அதே கேள்வியைக் கோப்பில் எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், 1891-இல். பறையர் தரிசு நிலம் கேட்டு மனு போட்டால், அந்த நிலத்தில் மிராசுதாருக்கே முதல் உரிமை என்ற விதி குறுக்கே நின்றது. மனையும் இல்லை, நிலமும் இல்லை, பிறகு விடுதலை எங்கே என்பதுதான் அவர் அறிக்கையின் சாரம். அதன் பிறகு 1892-இல் வந்ததுதான் பஞ்சமி நில அரசாணை. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருவது அந்த நிலத்தைத்தான். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் காரணையில் போராடினோம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள்.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தஞ்சாவூருக்கு மட்டும். 1968 டிசம்பர் 25-இல் அதே தஞ்சை மண்ணில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரை எரித்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1843-இல் ஒழிந்துவிட்டது என்றால், 1976-இல் எதை ஒழித்தார்கள்?

ஜோதிராவ் பூலே 1873-இல் குலாம்கிரி எழுதியபோது, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946-இல் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபையில் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டார். அவர்கள் அமெரிக்காவைப் பார்த்தது பொழுதுபோக்குக்கு அல்ல. அங்கே எது உடைந்தது, எது உடையாமல் தங்கியது என்று தெரிந்துகொள்ள.

தோழர்களே, யாராவது உங்களிடம் "அதெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். குடியிருக்கும் மனை யார் பெயரில்? உழும் நிலம் யார் பெயரில்? முன்பணம் யார் கையில்? இந்த மூன்றுக்கும் பதில் மாறாமல் எந்தச் சட்டம் வந்தாலும் அது 1843 தான்.

கேட்பதோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊரின் "அ" பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். யூ.டி.ஆர். அளவைக்கு முந்தைய பழைய நிலப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கண்டிஷன் பட்டா, டி.சி. நிலம் என்று பழைய ஏட்டில் குறித்திருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரு கிராமத்துக்கு இரண்டு மாணவர்கள் போதும், ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை. நம் போருக்குத் தேவையான வரைபடம் வட்டாட்சியர் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.

ஜெய் பீம்!